பழைய வீட்டில் புது லைட்டு மாட்டியதும் வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். சிங்கப்பூரின் பாலஸ்டியர் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி ஹாலுக்கு ஒரு நல்ல லைட்டு வாங்கியிருப்பார்கள், தெரிந்த பையன் ஒருவனை வைத்து மாட்டியும் இருப்பார்கள், இரண்டு நாள் கழித்து "தம்பி, கடைக்காரன் பழுதான லைட்டைக் கொடுத்துட்டான் போல, கொஞ்சம் வந்து பாருங்க" என்று பேச்சு தொடங்கும். நான் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன். தோ பாயோ, குவீன்ஸ்டவுன், அங் மோ கியோ பக்கத்துப் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள்தான் எனக்கு அதிகம். ஏணி போட்டுக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் லைட்டில் ஒரு குறையும் இருக்காது. கூரையில் முப்பது நாற்பது வருடமாகக் கிடக்கிற வயரில்தான் இருக்கும். பழைய குண்டு பல்பு அந்தக் குறையோடேயே எரிந்துகொண்டிருந்தது, எல்இடி அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அதனால் இன்னொரு லைட்டு வாங்கக் கிளம்புவதற்கு முன் அறிகுறியைப் பாருங்கள். ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தில் தொடங்கி, செலவு பிடிக்கும் காரணம் வரை எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டு அறிகுறிக்கு நேராகப் போகலாம், ஆனால் அடுத்த பகுதியை மட்டும் படிக்காமல் தாண்டாதீர்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது

பல்பு, டியூப், ஸ்டார்ட்டர் மாற்றுவது, டிபி பாக்ஸில் (வீட்டுக்கு வரும் கரன்டைப் பிரித்துத் தரும் பெட்டி) எந்தச் சுவிட்ச் விழுந்திருக்கிறது என்று பார்ப்பது, மெயினை அணைத்துவிட்டுக் கண்ணால் பார்ப்பது, இவை உங்கள் வேலை. வயரிங்கில் கை வைப்பது, புது பாயின்ட் இழுப்பது, டிபி பாக்ஸின் உள்மூடியைக் கழற்றுவது எல்லாம் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் வைத்திருப்பவர் வேலை. சிங்கப்பூரில் சட்டமே அப்படித்தான். கீழே வயர் இணைப்பைப் பற்றி நான் எழுதுவது, வருகிறவர் என்ன செய்கிறார் என்று உங்களுக்குத் தெரியவேண்டும், சரியான கேள்வியை நீங்கள் கேட்கவேண்டும் என்பதற்காக.

சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். டிபி பாக்ஸில் அந்த லைட்டுக்கென்று இருக்கும் சின்னச் சுவிட்சை, அதாவது எம்சிபியை, மட்டும் அணைத்தாலும் போதாது. பெரும்பாலான வீடுகளில் எம்சிபி கரன்டைக் கொண்டுவரும் லைவ் வயரை மட்டும்தான் துண்டிக்கும், கரன்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் அப்படியே தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும். பழைய வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு: படுக்கையறை லைட்டுக்கு வயர் இழுத்தவர் தூரம் மிச்சப்படுத்த ஹால் லைட்டின் நியூட்ரலை இரவல் வாங்கியிருப்பார். நீங்கள் ஹால் எம்சிபியை அணைத்துவிட்டு அந்த நியூட்ரல் முடிச்சை அவிழ்த்தால், படுக்கையறையில் எரிந்துகொண்டிருக்கும் பல்பு வழியாக 230 வோல்ட் உங்கள் கையில் இருக்கும் அந்தக் கருப்பு வயருக்கே வந்து நிற்கும். இதில் அடி வாங்கிய அனுபவசாலிகளை எனக்குத் தெரியும். அதனால் கூரைக் கவரைத் திறப்பது என்றால் முழு வீட்டு மெயின் சுவிட்சையும் அணைத்துவிட வேண்டும். பகல் வெளிச்சத்தில் வேலையை வைத்துக்கொண்டால் கஷ்டம் இல்லை. வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள், யாராவது வந்து "கரன்ட் இல்லையே" என்று தூக்கிவிடாமல் இருக்க மெயின் சுவிட்ச்மேல் ஒரு டேப்பும் ஒட்டுங்கள்.

அப்புறம் இந்த டெஸ்டர் விஷயம். திருப்புளி மாதிரி இருக்கும் சின்ன நியான் டெஸ்டர் எரியவில்லை என்றால் கரன்ட் இல்லை என்று அர்த்தம் இல்லை. டெஸ்டருக்குள் நியான் போயிருக்கலாம், நீங்கள் ஃபைபர் ஏணியில் ரப்பர் செருப்போடு நிற்கலாம், பகல் வெளிச்சத்தில் அந்த மங்கல் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். இரண்டு முனை உள்ள வோல்டேஜ் டெஸ்டர் வைத்திருப்பவர் கூட, கரன்ட் இருக்கும் ஒரு இடத்தில் அதை முதலில் சோதிப்பார், பிறகு அணைத்த வயரில் பார்ப்பார், பிறகு மறுபடி கரன்ட் உள்ள இடத்தில் சோதிப்பார். இந்த மூன்றாவது சோதனை ஏன் என்றால், நடுவில் டெஸ்டரே செத்துப்போயிருந்தால் அது மட்டும்தான் சொல்லும். உங்கள் வீட்டுக்கு வருகிறவர் இந்த மூன்றையும் செய்கிறாரா என்று பாருங்கள்.

நிறம். 2009இல் இங்கே வயர் நிறங்கள் மாறின. அதற்கு முன் லைவ் சிவப்பு, நியூட்ரல் கருப்பு. இப்போது லைவ் பழுப்பு, நியூட்ரல் நீலம். எர்த் பச்சையும் மஞ்சளும். உங்கள் புது லைட்டில் இருந்து பழுப்பும் நீலமும் வெளியே வரும், கூரையில் இருந்து சிவப்பும் கருப்பும் வரும். சிவப்பு பழுப்போடு, கருப்பு நீலத்தோடு. இவ்வளவு மட்டும் என்றால் சுலபம்தான். ஆனால் 1980களில் கட்டிய வீட்டை 2012இல் ஒருவர் ரெனோவேஷன் செய்திருந்தால் ஒரே கூரையில் இரண்டு நிறமும் கலந்து கிடக்கும். மூன்று ஃபேஸ், அதாவது மூன்று லைவ் வயர், வந்த இடங்களில் பழைய கணக்கில் நீலம் ஒரு லைவ், புதுக் கணக்கில் கருப்பு ஒரு லைவ். போதாததற்கு, முன்னே வேலை செய்தவர் கையில் இருந்த வயரை எந்த நிறமாக இருந்தாலும் போட்டிருப்பார். சில வீடுகளில் சுவிட்சில் இருந்து திரும்பி வரும் வயர் கருப்பாகவே இருக்கும், அதாவது சுவிட்சைப் போட்டால் அந்தக் கருப்பு லைவ். நிறத்தை நம்பி இணைப்பதில்லை, அளந்து பார்த்துத்தான் இணைப்பது.

பழைய லைட்டைக் கழற்றுவதற்கு முன் கூரை இணைப்பை நாலு பக்கமும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் போகிற வீடுகளில் இந்த ஒரு படம் இருந்தால் என் வேலை பாதியாகக் குறைகிறது, உங்கள் செலவும் குறைகிறது.

## அறிகுறி: லைட்டு எரியவே இல்லை

வேறு லைட்டும் எரியவில்லையா? அப்படியென்றால் டிபி பாக்ஸைப் பாருங்கள், லைட்டு எம்சிபி விழுந்திருக்கும். ஒரு முறை தூக்கிப் பாருங்கள். உடனே மறுபடி விழுந்தால் கீழே "டிரிப் ஆகிறது" பகுதிக்குப் போங்கள். விழுந்துகொண்டே இருப்பதைத் திரும்பத் திரும்பத் தூக்கக்கூடாது.

இது மட்டும்தான் எரியவில்லையா? பல்பு கழற்றும் வகை என்றால் அந்த பல்பை வேறு அறையில் போட்டுப் பாருங்கள். ரிமோட் உள்ள லைட்டு என்றால் சுவர் சுவிட்ச் போட்டிருக்கும்போதே ரிமோட்டில் அணைத்து வைத்திருப்பீர்கள், இதற்காகவே என்னை வரவழைத்த வீடுகள் உண்டு. கோபித்துக்கொள்ள மாட்டேன், ஆனால் பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

அதுவும் சரியாக இருக்கிறதா? மெயினை அணைத்து, கவரைத் திறந்து, கனெக்டரைப் பாருங்கள். தொடவேண்டாம், டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். நான் அடிக்கடி பார்ப்பது இதைத்தான்: கனெக்டர் திருகு செம்புக் கம்பியைக் கடிக்காமல் வயரின் பிளாஸ்டிக்கைக் கடித்துக்கொண்டிருக்கும். அல்லது கூரை வயர் தடித்த ஒற்றைக் கம்பி, லைட்டு வயர் மெல்லிய பல இழைக் கம்பி, இரண்டையும் ஒரே துளையில் நுழைத்திருப்பார்கள், திருகை முறுக்கும்போது தடித்தது பிடிபட்டு மெல்லியது நழுவியிருக்கும். வாகோ மாதிரி நெம்புகோல் உள்ள கனெக்டர் போட்டால் இந்தத் தொல்லை போய்விடும், ஒவ்வொரு வயருக்கும் தனித் துளை. அதற்கும் வயரின் தோலை உரிக்கும் அளவு உண்டு, வாகோ 221 வகைக்கு 11 மில்லிமீட்டர். சில வெள்ளி செலவில் முடியும் காரியம்.

இணைப்பும் நன்றாகத்தான் தெரிகிறதா? இனி அளந்து பார்க்கும் வேலை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சுவிட்ச் செத்திருந்தால் மலிவு. நியூட்ரல் எங்கோ நடுவில் அறுந்திருந்தால் தேடவேண்டும், பழைய வீட்டில் அது அடுத்த அறையின் கூரை முடிச்சில்கூட இருக்கலாம். ஒரு எச்சரிக்கை: நியூட்ரல் அறுந்த லைட்டு எரியாது, ஆனால் அதன் இரண்டு வயரிலும் கரன்ட் நிற்கும். எரியவில்லை, அதனால் கரன்ட் இல்லை என்று கையை வைக்கிறவருக்கு அடி விழுவது இங்கேதான்.

## அறிகுறி: எப்போதும் எரிகிறது, சுவிட்ச் வேலை செய்யவில்லை

பழைய வீட்டுக் கூரையில் இரண்டு வயர் வரும் என்று எதிர்பார்த்துத் திறந்தால் ஐந்து, ஆறு வந்திருக்கும். லைவ் இந்த லைட்டுக்கு வந்து, இங்கிருந்து அடுத்த லைட்டுக்குத் தாவிப் போகும், இடையில் சுவிட்சுக்கு ஒரு வயர் இறங்கும், ஒன்று ஏறி வரும். இது தெரியாமல் சிவப்பு எல்லாவற்றையும் ஒரு கட்டாகவும் கருப்பு எல்லாவற்றையும் ஒரு கட்டாகவும் முடிந்துவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். சுவிட்சில் இருந்து வருவது சிவப்பாக இருந்தால் லைட்டு அணையவே அணையாது. அது கருப்பாக இருந்தால் சுவிட்சைப் போட்ட நொடியில் ஷார்ட் ஆகி எம்சிபி விழும். இரண்டும் ஒரே தவறுதான், லைட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கழற்றும் முன் எடுத்த படம் இருந்தால் அதைப் பார்த்தே சரிசெய்துவிடலாம். இல்லை என்றால் ஒவ்வொரு வயரையும் பிரித்து அளக்கவேண்டும், அது கரன்ட் இருக்கும்போது செய்யும் சோதனை, நீங்கள் செய்யவேண்டாம்.

## அறிகுறி: அணைத்த பிறகும் மங்கலாக எரிகிறது

ராத்திரி படுத்த பிறகு பார்த்தால் லைட்டு நிலா மாதிரி லேசாக ஒளிர்ந்துகொண்டிருக்கும், சில சமயம் சில நொடிக்கு ஒரு முறை மின்னும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதற்குப் பயந்துபோய்க் கூப்பிட்டிருக்கிறார்கள். எல்இடி எரிய மிகக் குறைந்த கரன்ட் போதும், குண்டு பல்புக்கு அது போதாது. அதனால் பல வருடமாகக் கசிந்துகொண்டிருந்தது இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

சுவிட்சில் இருட்டில் தெரியும் சின்னச் சிவப்பு விளக்கு இருக்கிறதா? அதுதான் காரணம். அந்தக் குட்டி விளக்கு எரியும் கரன்ட் உங்கள் லைட்டு வழியாகப் போகிறது. விளக்கு இல்லாத சுவிட்சை மாற்றினால் முடிந்தது.

அந்த விளக்கு இல்லை, ஆனால் ஒரே லைட்டை இரண்டு இடத்தில் இருந்து போட்டு அணைக்கிறீர்களா? நீண்ட தூரம் ஒட்டி ஓடும் இரண்டு வயர்களில் ஒன்றில் கரன்ட் இருந்தால் பக்கத்து வயரிலும் கொஞ்சம் தொற்றி வரும். ஆபத்து இல்லை. லைட்டுப் பக்கம் இதற்கென்றே விற்கும் சின்ன கெபாசிட்டர் ஒன்றை எலக்ட்ரீஷியன் சேர்த்துவிட்டால் நின்றுவிடும்.

இரண்டும் இல்லையா? அப்படியென்றால் சுவிட்ச் லைவ் வயரைத் துண்டிக்காமல் நியூட்ரலைத் துண்டிக்கிறது என்று நான் முதலில் சந்தேகப்படுவேன். இது மற்ற இரண்டைப் போல இல்லை. சுவிட்சை அணைத்தாலும் லைட்டு ஹோல்டரில் முழு 230 வோல்ட் நின்றுகொண்டிருக்கிறது. நாளைக்கு யாராவது சுவிட்சை அணைத்துவிட்டோமே என்ற தைரியத்தில் பல்பைக் கழற்றி விரலை உள்ளே விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கெபாசிட்டர் போட்டால் இந்த மங்கல் வெளிச்சமும் மறைந்துவிடும், ஆனால் ஆபத்து மறையாது, அறிகுறிதான் மறையும். அதனால் வருகிறவரிடம் நேராகக் கேளுங்கள்: "சுவிட்ச் லைவ்ல இருக்கா நியூட்ரல்ல இருக்கா, அளந்து காட்டுங்க."

## அறிகுறி: மினுக்குகிறது

எங்கே மினுக்குகிறது என்பதுதான் முதல் கேள்வி. முழு வீடும் மினுக்கினால், சில லைட்டு வழக்கத்தைவிடப் பளீரென்று எரிந்தால், இது உங்கள் புது லைட்டின் பிரச்சினையே இல்லை. வெளியில் இருந்து வரும் நியூட்ரல் தளர்ந்திருக்கலாம், அப்போது வோல்டேஜ் ஏறி ஃபிரிட்ஜ், டிவி எல்லாம் போகும். மெயினை அணைத்துவிட்டு, மின்சாரம் விநியோகிக்கும் எஸ்பி குழுமத்தைக் கூப்பிடுங்கள். பக்கத்து வீட்டிலும் இப்படி இருக்கிறதா என்று கேட்டுச் சொன்னால் அவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இந்த லைட்டு மட்டும்தான் என்றால், சுவரில் திருகும் டிம்மர் இருக்கிறதா பாருங்கள். குண்டு பல்பு, ஹாலோஜன் காலத்து டிம்மருக்குக் குறைந்தது சில பத்து வாட்டாவது வேண்டும், நீங்கள் 9 வாட் எல்இடி மாட்டியிருந்தால் அது தடுமாறும். டிம்மரை எடுத்துவிட்டுச் சாதா சுவிட்ச் போடலாம், அல்லது டிம்மரும் லைட்டும் ஒன்றுக்கொன்று பொருந்துவதாக வாங்கவேண்டும். காற்றாடி ரெகுலேட்டரில் லைட்டை இணைத்த வீட்டையும் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யவே கூடாது.

பழைய டியூப்லைட்டுச் சட்டத்தில் எல்இடி டியூப் போட்டிருந்தால், டியூப் பெட்டியில் கூடவே வந்த போலி ஸ்டார்ட்டரைப் போட்டீர்களா என்று பாருங்கள். அது அங்கேயே பெட்டியில் கிடக்கும், பழைய ஸ்டார்ட்டர் சட்டத்தில் இருக்கும். எல்லா டியூபும் எல்லாச் சட்டத்துக்கும் பொருந்தாது. ஒரு முனையில் கரன்ட் வாங்கும் டியூப் வேறு, இரண்டு முனையிலும் வாங்குவது வேறு. பெட்டியில் போட்டிருக்கும் படத்தைப் பார்க்காமல் மாட்டாதீர்கள்.

டிம்மரும் இல்லை, டியூபும் இல்லை, மாட்டிய சில வாரத்தில் தொடங்கிய மினுக்கல் என்றால் தளர்ந்த இணைப்பு அல்லது டிரைவர். லைட்டுக்குள் இருக்கும் அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டிதான் டிரைவர். லைட்டை முழுசாகத் தூக்கிப் போடவேண்டாம், அதே வோல்ட், அதே மில்லிஆம்ப் எண் உள்ள டிரைவர் கிடைத்தால் மாற்றிவிடலாம். பழைய டிரைவரையே கையோடு எடுத்துப் போய்க் கடையில் காட்டுங்கள். காற்றாடி ஓடும்போது அல்லது கதவைச் சாத்தும்போது மினுக்கினால் தளர்ந்த இணைப்பு என்று வைத்துக்கொள்ளலாம், அது சூடாகி எரியும் வரை விட்டுவைக்கவேண்டாம்.

## அறிகுறி: டிரிப் ஆகிறது

டிபி பாக்ஸில் விழுந்தது எது? இதைச் சொல்லாமல் "டிரிப் ஆகுது" என்று மட்டும் சொன்னால் என்னால் ஒன்றும் யூகிக்க முடியாது. வரிசையாக இருக்கும் சின்னச் சுவிட்சுகள் எம்சிபி. லைட்டுக்கு 6 அல்லது 10 ஆம்ப் என்று எழுதியிருக்கும். கொஞ்சம் அகலமாக, டெஸ்ட் என்று எழுதிய ஒரு பொத்தானோடு இருப்பது ஆர்சிசிபி. இரண்டும் விழும் காரணம் வேறு வேறு.

### எம்சிபி விழுந்தால்

சுவிட்சைப் போட்டதும் பட்டென்று விழுகிறதா? ஷார்ட். மேலே சொன்ன சிவப்பு, கருப்பு கட்டுத் தவறாக இருக்கலாம், அல்லது லைட்டின் இரும்புத் தட்டைக் கூரையோடு வைத்துத் திருகும்போது வயர் இடையில் நசுங்கியிருக்கும். மெயினை அணைத்து, தட்டின் விளிம்பில் வயர் மாட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நசுங்கிய வயரை டேப் சுற்றி மறுபடி உள்ளே தள்ளக்கூடாது. வெட்டி எடுத்துப் புதிதாக இணைக்கவேண்டும்.

எப்போதாவது ஒரு முறை, அதுவும் போடும்போது மட்டும் விழுகிறதா? ஒரே சுவிட்சில் இருபது டவுன்லைட்டும் கூரை ஓரத்து மறைவு லைட்டும் சேர்ந்து எரிந்தால் எல்லா டிரைவரும் ஒரே நேரத்தில் கரன்டை இழுக்கும், அந்த முதல் நொடி இழுப்பில் விழலாம். இரண்டு சுவிட்சாகப் பிரித்தால் சரியாகிவிடும். பெரிய ஆம்ப் எம்சிபி போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த எம்சிபி காப்பது உங்கள் லைட்டை இல்லை, கூரைக்குள் ஓடும் மெல்லிய வயரை.

### ஆர்சிசிபி விழுந்தால்

போகிற கரன்டும் திரும்பி வரும் கரன்டும் சமமாக இல்லை, எங்கோ வெளியே கசிகிறது என்று அர்த்தம். 30 மில்லிஆம்ப் வித்தியாசம் வந்தாலே அது விழுந்துவிடும், அப்படி விழுவதால்தான் ஆள் பிழைக்கிறார்.

நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு, காசும் செலவில்லை. எல்லா எம்சிபியையும் அணைத்துவிட்டு ஆர்சிசிபியைத் தூக்குங்கள். நின்றால், எம்சிபிகளை ஒவ்வொன்றாகப் போட்டு வாருங்கள், எதைப் போடும்போது விழுகிறதோ அந்தப் பக்கத்தில் கசிவு. லைட்டு எம்சிபியில் விழுந்தால் அதை அணைத்து வைத்துவிட்டு வீட்டின் மற்றதைப் பயன்படுத்தலாம், எலக்ட்ரீஷியன் வரும்வரை காத்திருக்கலாம். குளியலறை, சமையலறை லைட்டு என்றால் முதலில் ஈரத்தைச் சந்தேகப்படுங்கள்.

எல்லா எம்சிபியும் அணைந்திருக்கும்போதே ஆர்சிசிபி நிற்காமல் விழுகிறதா? இது பலரைக் குழப்பும். முன்பே சொன்னேன், எம்சிபி நியூட்ரலைத் துண்டிப்பதில்லை. புது லைட்டை மாட்டும்போது நியூட்ரலும் எர்த்தும் எங்கோ தொட்டுக்கொண்டிருந்தால், இரும்பு உடம்பில் நீல வயர் நசுங்கியிருந்தால், லைட்டு அணைந்திருந்தாலும் இப்படி விழலாம். லைட்டு மாட்டிய அன்றே இது தொடங்கியிருந்தால் அந்த லைட்டுக்குள்தான் முதலில் தேடவேண்டும். லைட்டு மாட்டி ஒரு மாதம் கழித்து என்றால் வாட்டர் ஹீட்டர், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் சந்தேகப் பட்டியலில் வரும். இதெல்லாம் எலக்ட்ரீஷியன் வேலை.

ஆர்சிசிபியைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரை அப்போதே அனுப்பிவிடுங்கள். 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகளில் இது இல்லாமலேயே பல காலம் ஓடியது. பிறகு எல்லா வீட்டுக்கும் கட்டாயம் என்று விதி வந்து, 2025 ஜூலை 1 வரை அவகாசமும் கொடுத்தார்கள். உங்கள் அம்மா அப்பா இருக்கும் பழைய வீட்டில் அந்த டெஸ்ட் பொத்தான் இருக்கிறதா என்று இந்த வாரமே போய்ப் பாருங்கள். இருந்தால் ஒரு முறை அழுத்துங்கள், உடனே விழவேண்டும். விழவில்லை என்றால் அது இருந்தும் இல்லாததுதான், மாற்றச் சொல்லுங்கள்.

## அறிகுறி: லைட்டு உடம்பைத் தொட்டால் சுரீர் என்கிறது

இங்கே சோதனை எதுவும் இல்லை. அணையுங்கள், எம்சிபியையும் அணையுங்கள், கூப்பிடுங்கள்.

காரணம் பெரும்பாலும் எர்த். பழைய வீடுகளின் லைட்டு பாயின்டுக்கு எர்த் வயர் வராமலேயே இருக்கலாம், பிளாஸ்டிக் ஹோல்டரும் குண்டு பல்பும் இருந்த காலத்தில் அது யாருக்கும் உறுத்தவில்லை. இப்போது நீங்கள் மாட்டுவது பித்தளை, இரும்பு, குரோம். அதில் பச்சை மஞ்சள் வயர் ஒன்று தொங்கும், கூரையில் அதற்கு ஜோடி இருக்காது, மாட்டுகிறவர் அதை வெட்டிவிட்டுப் போய்விடுவார். வாங்கும்போதே பாருங்கள்: ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட குறி லைட்டில் இருந்தால் அதற்கு எர்த் தேவையில்லை. அந்தக் குறி இல்லாத உலோக லைட்டு, எர்த் இல்லாத கூரை, இந்த இரண்டும் சேரக்கூடாது. இரண்டு சதுர லைட்டாக மாற்றி வாங்குவது மலிவு, எர்த் வயர் புதிதாக இழுப்பது செலவு. எர்த்தை நியூட்ரலோடு முடிந்துவிடுவதும், தண்ணீர்க் குழாயில் கட்டுவதும், கூரைக் கம்பியில் கட்டுவதும் வழியே இல்லை. நியூட்ரல் ஒரு நாள் அறுந்தால் லைட்டு உடம்பு முழுக்க லைவ் ஆகிவிடும்.

யாராவது அடிபட்டு ஒட்டிக்கொண்டிருந்தால் அவரைத் தொடாதீர்கள். மெயினை அணையுங்கள், 995ஐ அழையுங்கள்.

## அறிகுறி: வாடை, சூடு, இரைச்சல்

வீட்டில் யாரும் மீன் சமைக்கவில்லை, ஆனால் சுவிட்ச் பக்கமோ லைட்டுப் பக்கமோ கருவாட்டு வாடை வருகிறது என்றால் பிளாஸ்டிக் சூடாகிக் கருகுகிறது. மூக்கில் பட்டவுடன் மெயினை அணையுங்கள். வாடை நின்றுவிட்டதே என்று மறுபடி போடவேண்டாம்.

லேசான ரீங்காரம் மட்டும் என்றால் டிரைவராகவோ டிம்மராகவோ இருக்கும், அவசரம் இல்லை. படபடவென்று பொரியும் சத்தம் என்றால் தளர்ந்த இணைப்பில் தீப்பொறி, அது அவசரம்.

இந்த அறிகுறிக்குக் கூரையைத் திறந்தால் நான் முதலில் வயரின் தோலைத்தான் பார்ப்பேன். பல வருடம் குண்டு பல்பின் சூட்டில் வெந்த பிவிசி, விரலால் வளைத்தாலே அப்பளம் மாதிரி உடையும். உடைந்த பகுதி ஓரிரு அங்குலம் மட்டும் என்றால் நல்ல பகுதி வரை வெட்டிப் புதிதாக இணைக்கலாம். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே கட்டிய கடைவீடுகளில் துணி சுற்றிய ரப்பர் வயர் இன்னும் இருந்தால் அங்கே ஒட்டுவேலை செய்யக்கூடாது, முழுவதும் மாற்றவேண்டும். ஆயிரக்கணக்கான வெள்ளி ஆகும் என்பதால் சொல்லவே தயக்கமாக இருக்கும், இருந்தும் சொல்லிவிடுவேன்.

பொய்க்கூரை உள்ள வீடு வாங்கியவர்களுக்கு ஒன்று. முந்தைய சொந்தக்காரர் வைத்த ரெனோவேஷன் காண்ட்ராக்டர் அந்தப் பலகைக்கு மேலே வயர்களை முறுக்கி வெறும் கருப்பு டேப் சுற்றிவிட்டுப் போயிருப்பார். டவுன்லைட்டு ஒன்றைக் கழற்றும்போது அந்தத் துளை வழியாகக் கைத்தொலைபேசியை விட்டு நாலு பக்கமும் படம் எடுங்கள். பெட்டிக்குள் இல்லாத முடிச்சு தெரிந்தால் மற்ற துளைகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி: லைட்டுக்குள் தண்ணீர், கூரையில் கறை

அந்த எம்சிபியை அணையுங்கள், லைட்டைக் காயவைத்து மறுபடி போடும் யோசனை வேண்டாம். தண்ணீர் பெரும்பாலும் மேல்வீட்டுக் குளியலறையில் இருந்துதான் வரும். அதை நிறுத்தாமல் எத்தனை லைட்டு மாற்றினாலும் இதே கதை. மேல்வீட்டாரிடம் பேசிப் பாருங்கள், வீவகவிடம் கூரைக் கசிவுக்கு நல்லெண்ண அடிப்படையில் பழுதுபார்க்க உதவும் திட்டம் இருக்கிறது. சிமெண்டு உப்பி, உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிந்தால் அந்த இடத்தில் துளையே போடக்கூடாது, எந்தத் திருகும் அங்கே நிற்காது.

## அறிகுறி: லைட்டு ஆடுகிறது, சாய்கிறது

பழைய ஹோல்டரின் இரண்டு சின்னத் திருகில் ஐந்து கிலோ சரவிளக்கைத் தொங்கவிட்டிருப்பார்கள். எடை வயரில் இறங்கக்கூடாது. கான்கிரீட்டில் தனியாகத் துளை போட்டு, உள்ளே இறுகிப் பிடிக்கும் ஆங்கர் வைத்து அதில் தொங்கவேண்டும். லைட்டோடு சேர்ந்த காற்றாடி என்றால் நிச்சயமாக ஆள் வைத்துத்தான்.

## கூப்பிடும்போது

உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், ஆணையத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். நல்லவர் கோபப்பட மாட்டார். பழைய வீடு என்றால் மெகர் சோதனை செய்யச் சொல்லுங்கள். 500 வோல்ட் கொடுத்து வயரின் தோல் தாங்குகிறதா என்று பார்ப்பது அது, 1 மெகாஓம்முக்குக் கீழே வந்தால் அந்த வயர் தேறாது. சோதிக்கும் முன் எல்இடி லைட்டுகளைக் கழற்றிவிடவேண்டும், இல்லாவிட்டால் டிரைவர் போய்விடும், எண்ணும் தப்பாக வரும்.

வேலை முடிந்ததும் அவர் கிளம்புவதற்கு முன் ஒரு சின்னக் காகிதத்தில் எந்த எம்சிபி எந்த அறைக்கு, எந்த நியூட்ரல் இரவல், எந்த லைட்டுக்கு எர்த் இல்லை, என்ன தேதியில் என்ன மாற்றினார் என்று எழுதி வாங்கி டிபி பாக்ஸ் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.